அமோனியா எஞ்சினின் புகையைச் சீராக்குதல்: சிலிண்டரில் தொடங்கி ஊக்கி வரை

கொழும்பு முகத்துவாரத்தில் உள்ள ஒரு சிறு பட்டறையில், நீரால் குளிரூட்டப்படும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றை அமோனியாவும் டீசலும் சேர்த்து ஓட்டும் பரிசோதனையில் நானும் இரண்டு இளைஞர்களும் ஈடுபட்டு வருகிறோம். நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஏறத்தாழ 5 கிலோவாற்று வலுத் தரும் எஞ்சின் அது. சிறு படகுகளிலும் மின்பிறப்பாக்கிகளிலும் காணப்படும் அதே வகை. அதன் புகைக்குழாயிலிருந்து வரும் தீய வாயுக்களைக் குறைப்பதற்கு நாங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கை, இதே வேலையில் இறங்க எண்ணும் மாணவர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் கப்பல் எஞ்சின் அறைகளில் பணிபுரிவோருக்கும் உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். ஒழுங்கு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதினேன். இந்த வேலையில் முன்னே செய்யவேண்டியதைப் பின்னே செய்தால், ஒரு வாயுவைக் குறைக்கப்போய் அதைவிடக் கொடிய இன்னொன்றைக் கூட்டிவிடுவோம். அந்தத் தவறை நாங்களே செய்திருக்கிறோம்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விடயம் அல்ல. கிழக்கு மேற்குக் கப்பல் பாதை நமது துறைமுகத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. 2024 மார்ச்சில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் அமோனியாவையும் டீசலையும் சேர்த்து எரித்து ஓடிக்காட்டியது. அதே ஆண்டு ஓகஸ்டில் யப்பானில் 'சகிகாகே' என்ற இழுவைப் படகு அமோனியாவில் சேவைக்கு வந்தது. ஆண்டு முடிவதற்குள் சர்வதேச கடல்சார் அமைப்பும் அமோனியாவை எரிபொருளாகப் பயன்படுத்தும் கப்பல்களுக்கான இடைக்கால வழிகாட்டலை ஏற்றுக்கொண்டது. இத்தகைய கப்பல்கள் இங்கே நங்கூரமிடும் நாளில் அவற்றின் புகையைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் இங்கேயும் இருக்கவேண்டும்.

எதைக் குறைக்கிறோம்

அமோனியாவில் காபன் இல்லை. முழுமையாக எரிந்தால் நைதரசனும் நீராவியுமே மிஞ்சும். ஆனால் சிலிண்டருக்குள் எதுவும் முழுமையாக எரிவதில்லை. அமோனியா எரிபொருள்களுள் சோம்பலானது; அதன் தீச்சுவாலை சாதாரண நிலையில் செக்கனுக்கு ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் வேகத்திலேயே நகர்கிறது, மெதேனின் சுவாலையோ அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் விரைந்து செல்லும். தானாகத் தீப்பற்றுவதற்கு 650 பாகை செல்சியசு வேண்டும். இதனால்தான் பெரும்பாலான எஞ்சின்களில் சிறிதளவு டீசலைத் தீமூட்டியாகத் தெளித்து அமோனியாவைப் பற்றவைக்கிறோம்.

புகையில் மூன்று பொருள்களைக் கவனிக்கவேண்டும். முதலாவது, எரியாமல் தப்பிவரும் அமோனியா. அது மூக்கையும் கண்ணையும் நுரையீரலையும் தாக்குவதோடு, வெளிக்காற்றில் மற்ற மாசுகளுடன் சேர்ந்து நுண்துகளாகவும் மாறும். இரண்டாவது, நைத்திரிக் ஒட்சைட்டும் நைதரசனீரொட்சைட்டும். இவ்விரண்டையும் சேர்த்து எஞ்சின்காரர்கள் நொக்ஸ் என்பார்கள். மூன்றாவது, நைத்திரசு ஒட்சைட்டு. சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்கத்துக்குப் பயன்படும் அதே வாயு. மணம் உறுத்தாது, கண்ணில் படாது, ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிராம் நைத்திரசு ஒட்சைட்டு 273 கிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்குகிறது.

இந்த 273 என்ற எண்ணை ஒரு தடவை கையால் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் கனம் விளங்கும். எங்கள் எஞ்சின் போன்ற சிறு டீசல் எஞ்சின் 30 வீத வினைத்திறனில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவாற்று மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 280 கிராம் டீசல் எரியும். அதிலிருந்து ஏறத்தாழ 890 கிராம் காபனீரொட்சைட்டு வரும். டீசல் தரும் சக்தியில் 60 வீதத்தை அமோனியாவால் ஈடுசெய்தால் 530 கிராம் மிச்சம். அதை 273ஆல் வகுத்தால் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதாவது, ஒரு கிலோவாற்று மணித்தியாலத்தில் 2 கிராம் நைத்திரசு ஒட்சைட்டு வெளியேறினாலே நாம் பட்ட பாடெல்லாம் வீண். அதே வேளையில் வெளியேறும் புகை ஏறத்தாழ 6.3 கிலோகிராம், அதில் இந்த 2 கிராமின் செறிவு பத்து இலட்சத்துக்கு 200 பங்கு, அதாவது 200 பி.பி.எம். கவனமில்லாமல் ஓட்டும் எஞ்சினில் அவ்வளவு வருவது அரிது அல்ல.

இங்கிருந்துதான் எங்கள் ஒழுங்கு பிறக்கிறது. நொக்ஸைப் புகைக்குழாயில் வைக்கும் ஊக்கியால், அதாவது தான் செலவாகாமல் இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருளால், அழிக்கலாம். எரியாத அமோனியாவை அதே ஊக்கி நொக்ஸை அழிப்பதற்கான மருந்தாகச் செலவழித்துவிடும். நைத்திரசு ஒட்சைட்டோ சிலிண்டரை விட்டு வெளியேறிய பிறகு எளிதில் மடங்காது. ஆகவே சிலிண்டருக்குள் நைத்திரசு ஒட்சைட்டையும் எரியாத அமோனியாவையும் குறைக்கப் பாருங்கள். அதனால் நொக்ஸ் கூடினால் கூடட்டும், அதை ஊக்கியிடம் விடுங்கள்.

கைவைக்கும் முன்

ஐஸ் ஆலைகளில் அமோனியாக் குழாய்களோடு பழகியவர்களுக்கு இந்தப் பகுதி புதிதல்ல. பட்டறையின் காற்றில் 25 பி.பி.எம். தாண்டினால் எஞ்சினை நிறுத்துங்கள், 300 பி.பி.எம். உயிருக்கும் உடலுக்கும் உடனடி ஆபத்தான அளவு. மூக்கை நம்பக்கூடாது, மணம் பழகிவிடும். எச்சரிக்கைக் கருவி வேண்டும். செம்பு, பித்தளை, நாகம் (துத்தநாகம்) எதுவும் அமோனியா தொடும் இடத்தில் இருக்கக்கூடாது. உருக்குக் குழாயும் டெஃப்லோன் அடைப்புமே தகும். கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் சிலிண்டர்ப் போத்தலுக்குள் அழுத்தம் ஏறத்தாழ 11 பார் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமோனியா காற்றைவிட இலேசானதுதான். ஆனால் திரவம் கசிந்தால் நமது ஈரக்காற்றோடு சேர்ந்து குளிர்ந்த வெண்புகையாக நிலத்தோடு படர்ந்து அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

குழாய்களில் மிஞ்சும் அமோனியாவை வெளியே விடும்போது ஒரு நீர்ப் பீப்பாய்க்குள் செலுத்துகிறோம். அமோனியா நீரில் அவ்வளவு விரைவாகக் கரைவதால் குழாயில் வெற்றிடம் ஏற்பட்டு நீர் பின்னோக்கி ஏறும். அதைத் தடுக்க, பீப்பாய்க்கு முன்னால் வெறும் உருக்குப் பாத்திரம் ஒன்றை இடையில் பொருத்துங்கள்; ஏறிவரும் நீர் அதற்குள் தங்கிவிடும்.

அளக்கத் தெரியாமல் திருத்த முடியாது

நாங்கள் இரண்டு கிழமையை இழந்த கதை இதுதான். பழைய லொறி ஒன்றிலிருந்து எடுத்த நொக்ஸ் உணரியை எங்கள் புகைக்குழாயில் பொருத்தியிருந்தோம். அமோனியாவைத் திறந்ததும் அளவு கிடுகிடுவென ஏறியது. நொக்ஸ் கூடுகிறது என்று நம்பி, டீசல் தெளிக்கும் நேரத்தைப் பின்தள்ளினோம். டீசல் எஞ்சினில் நொக்ஸைக் குறைக்க எல்லாரும் செய்வது அதுதான். அளவு மேலும் ஏறியது. இன்னும் பின்தள்ளினோம், இன்னும் ஏறியது. ஒருநாள் மாலை, எங்களோடு வேலைசெய்யும் தம்பி ஒருவர் ஈரமான செம்பாசிச்சாயத் தாள் ஒன்றைப் புகையின் ஓரத்தில் பிடித்தார். பிடித்த கணத்தில் தாள் கருநீலமாக மாறியது. அப்போதுதான் புரிந்தது: வாகனங்களில் உள்ள அந்த வகை நொக்ஸ் உணரி அமோனியாவையும் உள்ளே ஒட்சியேற்றி, அதையும் நொக்ஸ் என்றே எண்ணிக் காட்டுகிறது. நாங்கள் நொக்ஸைக் குறைத்துக்கொண்டிருந்தோம். உணரியில் ஏறிக்கொண்டிருந்ததோ எரியாத அமோனியா. நேரத்தைப் பின்தள்ளத் தள்ள அதைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம்.

ஆகவே அமோனியா உள்ள புகையில் நொக்ஸ் உணரியின் எண் இரண்டின் கூட்டுத்தொகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகூடங்களில் உள்ள இரசாயன ஒளிர்வு வகைக் கருவியிலும், அதன் சூடான மாற்றி அமோனியாவை நைத்திரிக் ஒட்சைட்டாக மாற்றிவிட்டால் இதே பிழை வரும். மூன்று வாயுக்களையும் தனித்தனியே பிரித்துக் காட்டுவது செங்கீழ்க் கதிர் நிறமாலைமானியே. சொந்தமாக வாங்க முடியாதவர்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றுடன் பேசி, குறைந்தது தொடக்கத்தில் ஒரு தடவையும் முடிவில் ஒரு தடவையும் அளந்துகொள்ளவேண்டும். மாதிரி எடுக்கும் குழாயை 180 முதல் 190 பாகை வரை சூடாக வைத்திருங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில், குளிர்ந்த குழாயில் நீர் கட்டி அமோனியாவைக் கரைத்துக்கொள்ளும். கருவிக்குப் பொய்யான சிறிய எண்ணே போய்ச் சேரும்.

நம் நாட்டில் 2008 முதல் நடக்கும் வாகனப் புகைப் பரிசோதனையை இதற்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. அது பெற்றோல் வாகனத்தில் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும், டீசல் வாகனத்தில் புகையின் கருமையையும் பார்க்கிறது. அமோனியாவில் ஓடும் எஞ்சின் கரும்புகை குறைவாகவே விடும் என்பதால் அந்தப் பரிசோதனையில் சிறப்பாகத் தேறும். நாம் அஞ்சும் மூன்றும் அதில் பதிவாகவே மாட்டா. கப்பல் எஞ்சின்களுக்கான சர்வதேச நொக்ஸ் எல்லையும் அப்படித்தான். அதன் மூன்றாம் படி, நிமிடத்துக்கு 130 சுற்றுக்குக் குறைவாக ஓடும் பெரிய எஞ்சின்களுக்குக் கிலோவாற்று மணித்தியாலத்துக்கு 3.4 கிராம் என்று வரையறுக்கிறது. எரியாத அமோனியாவைப் பற்றியோ நைத்திரசு ஒட்சைட்டைப் பற்றியோ அந்த எல்லை எதுவும் சொல்வதில்லை.

சிலிண்டருக்குள் செய்யவேண்டியவை

நைத்திரசு ஒட்சைட்டு சுவாலையின் முகப்பிலேயே, அமோனியா உடைந்த துண்டுகள் நைத்திரிக் ஒட்சைட்டைச் சந்திக்கும்போது பிறக்கிறது. பின்னால் வரும் வாயு நன்கு சூடாக இருந்தால் பிறந்த வேகத்திலேயே அழிந்தும் போகிறது. சுவாலை குளிர்ந்த சுவரருகே அணைந்தாலோ, பிஸ்டன் இறங்கி வாயு விரிந்து குளிரும் நேரத்தில் எரிதல் இழுபட்டாலோ, அழியாமல் அப்படியே வெளியேறும். எரியாத அமோனியாவும் அதே இடங்களிலிருந்துதான் வருகிறது. ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள் இவை என்பதால் மருந்தும் ஒன்றே: எரிதலை வேளைக்கு முடியச் செய்வது, சூட்டைத் தக்கவைப்பது, கலவையை மிகவும் மெலியவிடாமல் இருப்பது.

முதலில் நேரம். எங்கள் எஞ்சின் போன்ற சிறு எஞ்சின்களில் டீசல் பம்பின் அடியில் உள்ள மெல்லிய ஷிம் தகடுகளே தெளிக்கும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன, 0.1 மில்லிமீற்றர்த் தகடு ஒன்றை எடுத்தால் கிராங்க் தண்டின் சுழற்சிக் கோணத்தில் ஏறத்தாழ 1 பாகை முன்னே வரும். இரண்டு பாகைக்கு ஒரு தடவை நிறுத்தி, எஞ்சின் சூடேறி நிலைபெற்ற பிறகு அளந்து, அதன் பின்னரே அடுத்த தகட்டைத் தொடுங்கள். முன்தள்ளத் தள்ள எரியாத அமோனியாவும் நைத்திரசு ஒட்சைட்டும் இறங்கும், நொக்ஸ் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் முதலிரண்டும் இறங்குவது நின்று, சிலிண்டரின் உச்ச அழுத்தமும் தட்டும் சத்தமும் மட்டும் கூடும்; அதற்கு இரண்டு பாகை முன்னரே நின்றுவிடுங்கள். முதல் தடவை இதைச் செய்பவருக்கு நொக்ஸ் ஏறுவதைப் பார்த்துக் கை நடுங்கும். நடுங்கத் தேவையில்லை.

அடுத்தது காற்று. டீசல் எஞ்சின் காற்றைக் கட்டுப்படுத்துவதில்லை. பாரம் குறையக் குறைய அதே காற்றில் எரிபொருள் மட்டும் குறையும். அமோனியாவுக்கு இது ஆகாது. காற்றும் அமோனியாவும் சரியான விகிதத்தில் கலந்தால் கனவளவில் ஏறத்தாழ 22 வீதம் அமோனியா இருக்கும். அறை நிலையில் 15 வீதத்துக்குக் கீழே அது தீப்பற்றவே மாட்டாது. எங்கள் எஞ்சின் முழுப் பாரத்தில், 60 வீதச் சக்தி அமோனியாவிலிருந்து வரும்போது உள்ளே செல்லும் காற்றில் அதன் பங்கு ஏறத்தாழ 10 வீதமே. அழுத்தமும் சூடும் தீப்பற்றும் எல்லையை விரிப்பதால் அது எரிகிறது. அரைப் பாரத்தில் அது 5, 6 வீதமாகிவிடும். அப்போது டீசல் தெளித்த இடத்தைச் சுற்றியுள்ள அமோனியா மட்டும் எரிந்து, மூலையில் உள்ளது அப்படியே வெளியேறும். இதற்குக் காற்றுக் குழாயில் ஒரு திறப்புத் தகடு வைத்து, பாரம் குறையும்போது காற்றையும் குறைக்கவேண்டும். பஞ்சிகாவத்தையில் பழைய பெற்றோல் எஞ்சின்களின் திறப்புத் தகடுகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கார்புரேட்டர்களில் தகடு பித்தளையாகவும் உடல் நாகக் கலப்பாகவும் இருக்கும் என்பதால் அவற்றைத் தவிர்த்து, அலுமினிய உடலும் உருக்குத் தகடும் கொண்ட ஒன்றைத் தேடி எடுங்கள். அதையும் அமோனியா நுழையும் வாயிலுக்கு முன்னால், சுத்தக் காற்று வரும் பக்கத்திலேயே பொருத்துங்கள்.

காற்றை எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. புகையில் ஒட்சிசன் தீர்ந்துபோகும் அளவுக்கு இறுக்கினால் நொக்ஸ் விழும், எரியாத அமோனியாவோ மீண்டும் ஏறும். பின்னால் இருக்கும் ஊக்கிக்கும் வேலைசெய்ய ஒட்சிசன் தேவை. புகையில் சில வீதம் ஒட்சிசன் எப்போதும் மிஞ்சியிருக்கட்டும். தகட்டைத் தொடும் ஒவ்வொரு தடவையும் டீசல் புகையின் கருமையையும் பாருங்கள்.

காற்றை இறுக்கியும் பயனில்லாத தாழ் பாரத்தில் அமோனியாவை முற்றாக மூடிவிட்டு டீசலிலேயே ஓட்டுவதுதான் நேர்மையான வழி. முழுப் பாரத்தின் 40 வீதத்துக்குக் கீழே நாங்கள் அமோனியா கொடுப்பதில்லை. அமோனியாவின் பங்கு எவ்வளவு என்று பெருமையாகச் சொல்வதற்காக மெலிந்த கலவையை ஓட்டி நைத்திரசு ஒட்சைட்டை ஊரின் மேல் விடுவது யாருக்கும் நன்மை அல்ல.

தீமூட்டும் டீசலின் அளவையும் பேராசையோடு குறைக்காதீர்கள். பழைய பொறிமுறைப் பம்பும் அதன் இன்ஜெக்டரும் முழுப் பாரத்துக்கென வடிவமைக்கப்பட்டவை. மிகச் சிறிய அளவில் அவை டீசலைத் தூவாமல் சொட்டவைக்கும். சொட்டும் டீசல் ஒரு மூலையில் மட்டும் தீ வைக்கும். பொது அழுத்தக் குழாய் முறை (கொமன் ரெயில்) உள்ளவர்கள் தீமூட்டும் டீசலை இரண்டு தடவையாகப் பிரித்துத் தெளிக்கலாம். அது மீந்த அமோனியாவையும் நைத்திரசு ஒட்சைட்டையும் எரிப்பதற்கு நல்ல உதவி. டீசல் எதுவானாலும் கந்தகம் குறைந்ததையே பயன்படுத்துங்கள். கந்தகம் அமோனியாவோடு சேர்ந்து அமோனியம் பைசல்பேற்றாக மாறி, பசைபோல ஊக்கியின் துளைகளை அடைத்துவிடும். இலங்கையில் கிடைப்பவற்றுள் சூப்பர் டீசலையே நாங்கள் நிரப்புகிறோம்.

உள்ளெடுக்கும் குழாயில் அமோனியாவைத் தொடர்ந்து கலக்காமல், வெளியேற்றும் வால்வு மூடிய பிறகு மட்டும் தெளித்தால், இரண்டு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரத்தில் அது நேரே புகைக்குழாய்க்குள் நழுவுவது நிற்கும். டர்போ பூட்டிய எஞ்சின்களில் இந்த நழுவலே பெரும் பங்கு. பிஸ்டனின் மேல் வளையத்துக்கு மேலுள்ள இடுக்கும் தலைப்பகுதி அடைப்பின் இடுக்கும் எரியாத கலவை ஒளிந்துகொள்ளும் இடங்கள்; தேய்ந்த வளையத்துடன் பரிசோதனை தொடங்கவே வேண்டாம். அமோனியாவைச் சிலிண்டருக்குள்ளேயே உயரழுத்தத்தில் நேரடியாகத் தெளிக்கும் பெரிய கப்பல் எஞ்சின்களில் இடுக்குகளில் கலவை சேராததால் எரியாத அமோனியா இயல்பாகவே குறைகிறது.

அமோனியாவை ஆவியாக்கும் வெப்பத்தையும் மறக்கக்கூடாது. ஒரு கிலோகிராம் ஆவியாக ஏறத்தாழ 1370 கிலோயூல் உறிஞ்சும். எஞ்சினின் சுடுநீரைச் சுற்றவிட்டு முன்கூட்டியே ஆவியாக்கிச் சூடாக்கினால் அந்தக் குளிர் சிலிண்டருக்குள் போகாது. செலவில்லாத திருத்தம் இது. அமோனியாவின் ஒரு பகுதியைச் சூடான ஊக்கியின் மேல் உடைத்து ஐதரசனாக்கிச் சேர்த்தால் சுவாலை விரையும் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்குரிய 500 பாகைக்கு மேற்பட்ட சூட்டைச் சிறு எஞ்சினின் புகை நிரந்தரமாகத் தருவதில்லை. நேரத்தையும் காற்றையும் சரிசெய்யாமல் அதற்குள் போகவேண்டாம்.

புகைக்குழாயில் செய்யவேண்டியவை

சிலிண்டர் தன் வேலையைச் செய்த பிறகே ஊக்கியின் முறை வருகிறது. தெரிவுசெய்து ஒடுக்கும் ஊக்கி, எஸ்.சி.ஆர். என்று லொறிக்காரர்கள் சொல்வது, ஒரு மூலக்கூறு நைத்திரிக் ஒட்சைட்டுக்கு ஒரு மூலக்கூறு அமோனியா என்ற கணக்கில் இரண்டையும் நைதரசனாகவும் நீராகவும் மாற்றுகிறது. லொறியில் இதற்காக யூரியாக் கரைசல் ஊற்றுவார்கள். நமக்கு யூரியா தேவையில்லை. புகையிலேயே அமோனியா இருக்கிறது. ஊக்கிக்கு முன்னால் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்படி எஞ்சினைச் சீர்செய்வதே கலை. எரியாத அமோனியா மிகுந்திருந்தால் டீசல் நேரத்தை இன்னும் ஒரு பாகை முன்தள்ளுங்கள். நொக்ஸ் மிகுந்திருந்தால் போத்தலிலிருந்து மிகச் சிறிய நூல்போலப் புகைக்குழாய்க்குள் அமோனியா விடுங்கள்.

முன்னர் எங்களை ஏமாற்றிய அதே நொக்ஸ் உணரி இங்கே நல்ல துணையாகிவிடுகிறது. அதை ஊக்கிக்குப் பின்னால் பொருத்தி, புகைக்குழாய்க்குள் விடும் அமோனியாவைச் சற்றே கூட்டுங்கள். எண் இறங்கினால் அங்கே நொக்ஸ் மிஞ்சியிருக்கிறது. எண் ஏறினால் மிஞ்சியிருப்பது அமோனியா. இறங்குவதும் ஏறுவதும் சந்திக்கும் பள்ளமே நாம் நிற்கவேண்டிய இடம். ஊக்கி அமோனியாவைத் தனக்குள் சேமித்துவைக்கும் என்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சில நிமிடம் பொறுத்திருந்து பாருங்கள். அவசரப்பட்டால் பழைய அமோனியாவைப் புதியதென்று எண்ணிவிடுவீர்கள்.

ஊக்கியின் அளவுக்கு ஒரு கணக்கு. 5 கிலோவாற்று எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 25 கனமீற்றர் புகை விடும். ஊக்கி தன் கனவளவைப்போல 15,000 மடங்கு புகையை ஒரு மணித்தியாலத்தில் சந்திக்கலாம் என்று கொண்டால் 1.7 லீற்றர் வேண்டும். 2 லீற்றர் வைத்தால் நிம்மதி. வனேடிய வகைக்கு ஏறத்தாழ 300 முதல் 420 பாகை வரை பொருந்தும். அதற்கு மேல் சூடேறினால் அதுவே அமோனியாவை நைத்திரசு ஒட்சைட்டாக்கத் தொடங்கும். செம்புச் சியோலைற் வகை, அதாவது செம்பு ஏற்றிய நுண்துளைக் கனிமம், 200 பாகையை அண்டிய சூட்டிலும் வேலைசெய்யும், ஆனால் அந்தத் தாழ் எல்லையில் அமோனியம் நைத்திரேற்று படிந்து அதிலிருந்தும் நைத்திரசு ஒட்சைட்டு பிறக்கும். எந்த வகையானாலும் எஞ்சினிலிருந்து ஊக்கி வரையுள்ள குழாயைக் கண்ணாடி நார்த் துணியால் நன்றாகச் சுற்றி, ஊக்கியின் வாயிலில் 300 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கடும் எச்சரிக்கை. பழைய டீசல் வாகனத்தின் பிளாற்றினம் பூசிய ஒட்சியேற்றும் ஊக்கியை மலிவாகக் கிடைக்கிறதென்று எஸ்.சி.ஆருக்கு முன்னால் பூட்டாதீர்கள். அது அமோனியாவைத் தின்றுவிடும், மூக்குக்கு மணம் தெரியாது, எல்லாரும் மகிழ்வார்கள். ஆனால் தின்றதில் ஒரு பகுதியை நொக்ஸாகவும் ஒரு பகுதியை நைத்திரசு ஒட்சைட்டாகவும் வெளியே விடும். மணமற்ற புகை என்றால் சுத்தமான புகை என்று எண்ணுவதுதான் இந்தத் துறையில் மிகப் பெரிய ஆபத்து. பிளாற்றினத்துக்கு இடம் உண்டு, எஸ்.சி.ஆருக்குப் பின்னால், மிகச் சிறிய துண்டாக, சில பத்து பி.பி.எம். அமோனியாவைத் துடைப்பதற்கு மட்டும்.

நைத்திரசு ஒட்சைட்டை நேரடியாக உடைக்கும் ஊக்கியும் இருக்கிறது. இரும்புச் சியோலைற் இந்த வேலையை நைத்திரிக் அமில ஆலைகளில் செய்துவருகிறது; ஆனால் அதற்கு 400 பாகைக்கு மேல் சூடு வேண்டும். டர்போ உள்ள எஞ்சினில் டர்போவுக்கு முன்னால் அந்தச் சூடு கிடைக்கும். எங்களுடையதைப் போன்ற சிறு எஞ்சினில் முழுப் பாரத்தில் மட்டுமே அதை நெருங்கலாம், ஆகவே சிலிண்டருக்குள் குறைக்காத நைத்திரசு ஒட்சைட்டைப் பின்னால் பிடித்துக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள்.

தொடங்குவதும் நிறுத்துவதும்

எஞ்சினை எப்போதும் டீசலில் தொடங்கி, குளிரூட்டும் நீர் 75 பாகையும் ஊக்கியின் வாயில் 300 பாகையும் தொட்ட பின்னரே அமோனியாவைத் திறக்கவேண்டும். நிறுத்தும்போது முதலில் அமோனியாவை மூடி, குழாயில் மிஞ்சியது எரிந்து தீர்ந்து, பின்னால் உள்ள உணரியின் எண் வெறும் டீசல் அளவுக்கு வரும்வரை டீசலில் ஓட்டி, அதன் பிறகு குழாய்களை நைதரசனால் ஊதிப் பீப்பாய்க்குள் விடுங்கள். அவசரமாக நிறுத்தினால் ஊக்கிக்குள் அமோனியா தங்கி, அடுத்த நாள் தொடங்கும்போது பட்டறை முழுவதும் நெடிவீசும்.

பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு இன்னொரு மறைவான வழி. கிராங்க் அறையின் மூச்சுக்குழாயைத் திறந்த காற்றில் விடாமல் காற்று உள்ளெடுக்கும் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் அதுவும் எரிந்துவிடும். கிழமைக்கு ஒரு தடவை எண்ணெய்க் கோலை உருவி, ஈரமான செம்பாசிச்சாயத் தாளை எண்ணெய் முகத்தருகே பிடித்துப் பாருங்கள். நீலம் ஏறினால் வளையங்களையும் எண்ணெயையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பீப்பாய் நீரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அதில் சேர்ந்த அமோனியா மீன்களுக்கு நஞ்சு; கான் வழியாக ஊற்றினால் பேரே வாவிக்கோ களனி ஆற்றின் முகத்துக்கோ போய்ச் சேரும், அவை ஏற்கெனவே தாங்கமுடியாத சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஐதான சல்பூரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக நீருக்குள் விட்டுக் கலக்குங்கள். அமிலத்தை நீருக்குள்தான் விடவேண்டும், நீரை அமிலத்துக்குள் அல்ல. பி.எச். 7ஐ அடைந்ததும் நிறுத்தி, அகன்ற பிளாத்திக்குத் தட்டுகளில் ஊற்றி, மழை படாத கூரைக்குக் கீழ் காயவிட்டால், சில நாள்களில் தட்டின் அடியில் வெண்ணிறப் பளிங்குகளாக அமோனியம் சல்பேற்று படியும். அதை உலர்ந்த மூடிய வாளியில் சேர்த்து, மேலே திகதியையும் எடையையும் எழுதிவைக்கிறோம். அந்த எடையிலிருந்து அந்த மாதம் எரிக்காமல் வெளியே விட்ட அமோனியா எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, எஞ்சினின் பதிவுப் புத்தகத்தில் டீசல் கணக்குக்கு அடுத்த நிரலில் குறித்துக்கொள்கிறோம்.